மெய்நிகர் செயலியும் காத்திருப்பு நேரமும்: ஒரு வரலாறு

மெய்நிகர் செயலி என்பது, கணினியில் உள்ள உண்மையான செயலியின் நேரத்தில் ஒரு பங்கைத் தனிச் செயலி போலவே காட்டித் தரும் ஏற்பாடு ஆகும். ஒரே வழங்கியில் (சர்வரில்) பல மெய்நிகர் கணினிகள் இயங்கும்போது ஒவ்வொன்றுக்கும் இத்தகைய செயலிகள் சில ஒதுக்கப்படுகின்றன. அவற்றின் மொத்த எண்ணிக்கை, வழங்கியில் உண்மையாக உள்ள கோர்களின் எண்ணிக்கையை விட மிகுதியாக இருக்கலாம். எல்லாம் ஒரே நேரத்தில் வேலை கேட்டால் சில காத்திருக்க நேரும். இதுவே செயலிப் போட்டி எனப்படுகிறது.

வாலாஜாபாத்தில் ஓர் இ-சேவை மையத்தில் பட்டா நகல் கேட்டு நிற்பவருக்கு இந்தச் சொற்கள் எதுவும் தேவையில்லை. ஆனால் அவருக்கு முன்னால் உள்ள திரை சுற்றிக்கொண்டே இருப்பதற்கு, தொலைவில் உள்ள வழங்கியில் நிகழும் இப்போட்டியும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். யாருக்கு எத்தனை செயலி தருவது, காத்திருப்பை எப்படி அளப்பது என்ற இரு கேள்விகளும் கணினித் துறையில் ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாகத் தொடர்கின்றன.

பொதுவளத்தைப் பங்கிடுதல்

ஒரு பொதுவளத்தைப் பலர் பயன்படுத்தும்போது அதைக் கண்காணிக்கத் தனிப் பொறுப்பு தேவை என்பது புதிய கருத்து அன்று. வாலாஜாபாத்துக்குத் தெற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் 6 பேர் ஏரி வாரியத்தில் இருந்தனர். ஏரியில் எவ்வளவு நீர் உள்ளது என்று பார்க்காமல் பாசன நிலத்தைப் பெருக்கிக்கொண்டே போனால் கடைமடைக்கு நீர் போய்ச் சேராது. வழங்கியிலும் நிலைமை இதுவே. ஒரு வேறுபாடு உண்டு: ஏரி நீரைச் சேமித்து வைக்கலாம், பயன்படாமல் போன செயலி நேரத்தைச் சேமிக்க முடியாது.

நேரப்பகிர்வு தொடக்கம்

1950களில் கணினிகள் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டுமே செய்தன. 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பட்டோ குழுவினர், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். செயலி ஒவ்வொருவருக்கும் சிறிது நேரம் மாறி மாறி வேலை செய்தது. பயனர்களோ கணினி முழுவதும் தமக்கே உரியது என்று உணர்ந்தனர்.

அடுத்த படியை ஐபிஎம் நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையம் எடுத்தது. ராபர்ட் கிரீசி தலைமையில் உருவான சிபி-40 என்ற அமைப்பு 1967 சனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. அது ஒரு கணினியை 14 வரையிலான மெய்நிகர் கணினிகளாகப் பிரித்துக் கொடுத்தது. இதன் வழிவந்த விஎம்/370 அமைப்பை ஐபிஎம் 1972 ஆகஸ்டில் அறிவித்தது.

தமிழ்நாட்டில்

மேற்கு செர்மனியின் உதவியுடன் 1959 இல் தொடங்கப்பட்ட சென்னை ஐஐடியில், 1973 இல் ஐபிஎம் 370/155 கணினி நிறுவப்பட்டது. இம்மாதிரி வெளிவந்தபோது, மெய்நிகர் நினைவகத்துக்குத் தேவையான முகவரி மாற்றும் வன்பொருள் அதில் இல்லை. அதைத் தனியே சேர்த்த பிறகே விஎம்/370 போன்றவற்றை இயக்க முடியும். எனவே ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கணினிகளிலும் மெய்நிகராக்கம் எல்லாவற்றிலும் கைகூடவில்லை. அக்காலத்தில் துளையட்டைகளில் நிரலைப் பதிந்து கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பதே பொதுவான வழக்கம். காத்திருப்பு கண்ணுக்குத் தெரிந்தது. அட்டைக் கட்டுகள் மேசையில் வரிசையாக இருந்தன.

2006 இல் இந்திய அரசு தேசிய மின்னாளுமைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. அதன் வழியே மாநிலங்களில் தரவு மையங்கள் எழுந்தன. துறைக்கு ஒரு வழங்கி என்பது மாறி, பல துறைகள் ஒரே வன்பொருளைப் பகிரும் நிலை வந்தது. வரிசை மறையவில்லை; அது கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

எளிய வழங்கிகளில் மெய்நிகராக்கம்

இன்டெல் வகைச் செயலிகளில் மெய்நிகராக்கம் நீண்ட காலம் கடினமாக இருந்தது. அவற்றின் சில கட்டளைகள் இதற்கு ஒத்துவரவில்லை. 1998 இல் தொடங்கப்பட்ட விஎம்வேர் நிறுவனம் அக்கட்டளைகளை ஓட்டத்திலேயே மாற்றி எழுதும் முறையில் இதைத் தீர்த்து, 2001 இல் வழங்கிகளுக்கான இஎஸ்எக்ஸ் மென்பொருளை வெளியிட்டது. 2003 இல் சென் வந்தது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இன்டெலும் ஏஎம்டியும் செயலியிலேயே இதற்கான வசதியைச் சேர்த்தன. 2007 இல் கேவிஎம் லினக்சின் பகுதியாயிற்று.

மிகுதி ஏன் தீமையாகிறது?

ஒரு மெய்நிகர் கணினிக்கு 2 செயலி போதும் என்றாலும் "இருக்கட்டும்" என்று 8 கேட்பது பல அலுவலகங்களில் காணப்படும் வழக்கம். இதனால் வேகம் கூடும் என்பது பொதுவான எண்ணம். பல நேரங்களில் நடப்பது அதற்கு எதிரானது.

தொடக்க கால இஎஸ்எக்ஸ் மென்பொருளில், 2 செயலி கொண்ட மெய்நிகர் கணினி இயங்க வேண்டுமானால் 2 கோர்கள் ஒரே நேரத்தில் ஓய்வாகக் கிடைக்க வேண்டும். ஒன்று மட்டுமே கிடைத்தால் அது காத்திருக்கும். அந்த ஒன்றும் வீணாகலாம். இஎஸ்எக்ஸ் 3 பதிப்பிலிருந்து இக்கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. ஆயினும் ஒரு செயலி மற்றதை விட மிகவும் முந்திவிட்டால் அதை நிறுத்தி வைக்க வேண்டியுள்ளது. ஆகவே தேவைக்கு மேல் ஒதுக்கிய செயலி, கேட்டவரையும் அண்டை கணினிகளையும் சேர்த்தே தாமதப்படுத்துகிறது.

இன்னொரு காரணம் வரிசைக் கணக்கில் உள்ளது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய எர்லாங் 1909 இல் வெளியிட்ட கட்டுரை இக்கணக்குக்கு அடித்தளம் இட்டது. ஒரே ஒரு செயலி, தற்செயலாக வந்து சேரும் வேலைகள் என்ற எளிய மாதிரியை எடுத்துக்கொள்வோம். செயலி 50 விழுக்காடு நேரம் வேலையில் இருந்தால், ஒரு வேலை முடிய அதற்கு உரிய நேரத்தைப் போல் 2 மடங்கு ஆகும். 80 விழுக்காட்டில் 5 மடங்கு, 90 விழுக்காட்டில் 10 மடங்கு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இணையதளம் திடீரெனத் திணறுவதை இக்கணக்கு விளக்குகிறது.

காத்திருப்பை அளத்தல்

மெய்நிகர் கணினிக்கு உள்ளே தெரியும் பயன்பாட்டு அளவை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. தனக்கு உரிய நேரம் பிறருக்குப் போவதை அது முழுமையாக அறியாது. இதற்கென மூன்று அளவுகள் உள்ளன.

முதலாவது, ஆயத்த நேரம். செயலி வேலைக்கு அணியமாக இருந்தும் கோர் கிடைக்காமல் நின்ற நேரம் இது. விஎம்வேர் இதை 20 நொடி இடைவெளியில், மில்லி நொடிகளில் காட்டுகிறது. 4 செயலி கொண்ட கணினிக்கு மொத்தம் 2,000 மில்லி நொடி பதிவானால், 20,000 ஆல் வகுக்க 10 விழுக்காடு. செயலி ஒன்றுக்கு 2.5 விழுக்காடு. செயலி ஒன்றுக்கு 5 விழுக்காட்டைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது நிர்வாகிகளிடையே உள்ள நடைமுறை அளவு.

இரண்டாவது, இணைநிறுத்த நேரம். துணைச் செயலிகள் பின்தங்கியதால் நிறுத்தி வைக்கப்பட்ட நேரம் இது. இது உயர்ந்திருந்தால் அக்கணினிக்குச் செயலிகளைக் குறைப்பதே மருந்தாக அமையலாம்.

மூன்றாவது, களவு நேரம். மெய்நிகர் லினக்சு கணினியில் டாப் கட்டளை இதைத் தனி மதிப்பாகக் காட்டும்.

அளவிடும் முறை

புதிய கணினிக்கு 1 அல்லது 2 செயலியுடன் தொடங்குவது நல்லது. மாதக் கடைசி போன்ற நெரிசல் நாள்களும் அடங்கும்படி சில வாரங்கள் கண்காணிக்க வேண்டும். பயன்பாடு மிகுந்து ஆயத்த நேரம் குறைவாக இருந்தால் செயலியைக் கூட்டலாம். இரண்டும் மிகுந்திருந்தால் கூட்டுவதால் பயன் இல்லை. சில கணினிகளை வேறு வழங்கிக்கு மாற்ற வேண்டும். பயன்பாடே குறைவாக இருந்தால் செயலியைக் குறைக்க வேண்டும். ஹைப்பர்திரெடிங் வசதியில் ஒரு கோர் இரண்டாகத் தோன்றினாலும் அது இரு கோர்களின் வேலையைச் செய்வதில்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

கேட்டவருக்குக் கேட்டதெல்லாம் கொடுப்பது தாராளம் போலத் தோன்றலாம். அதன் விலையை, எந்தக் கூட்டத்திலும் கலந்துகொள்ளாத ஒருவர், இ-சேவை மையத்தில் தம் அரை நாள் கூலியாகக் கொடுக்க நேரிடலாம். இந்த அளவுகளைத் தவறாமல் பார்ப்பது பொதுப்பணியின் ஒரு பகுதியே ஆகும்.