எம்-பெசா ஆய்வுகள்: பணம் அனுப்புதலும் கடனும்

கென்யாவின் கைபேசிப் பணச் சேவையான எம்-பெசா பற்றிய ஆய்வுகளில் மிகுதியாக எடுத்தாளப்படுவது ஓர் எண். கைபேசிப் பணம் 1,94,000 குடும்பங்களை, அதாவது நாட்டுக் குடும்பங்களில் 2 விழுக்காட்டை, வறுமையிலிருந்து மீட்டது என்று எம்.ஐ.டி.யின் தவ்நீத் சூரியும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஜாக்கும் 2016இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். இவர்களது பணியில் அதைவிட உறுதியான முடிவு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வெளிவந்துவிட்டது என்பது என் கருத்து.

‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’வில் 2014இல் வந்த அக்கட்டுரை எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது: நோயோ வேலையிழப்போ விளைச்சல் பொய்த்தலோ நேர்ந்தால் ஒரு வீட்டின் நுகர்வு என்னவாகிறது? எம்-பெசா இல்லாத வீடுகளில் அது 7 விழுக்காடு சரிந்தது. உள்ள வீடுகளில் சரிவு தென்படவில்லை. நெருக்கடியில் அவ்வீடுகளுக்குப் பணம் கூடுதலாக வந்தது, பலரிடமிருந்தும் வந்தது. உதவும் உறவினர்கள் முன்பும் இருந்தார்கள். பேருந்துக்காரரிடம் கொடுத்தனுப்பும் செலவும் அச்சமுமே குறுக்கே நின்றன. ஆகவே, இங்கே அளவீட்டுக்குத் துணையாகக் காரணமும் கையில் இருக்கிறது.

2016ஆம் ஆண்டின் எண் அப்படிப்பட்டதல்ல. 2008 முதல் 2010 வரை வீட்டருகே எம்-பெசா முகவர்கள் எவ்வளவு பெருகினர் என்பதை 2014இன் நுகர்வோடு பொருத்தி, கிடைத்த விளைவை நாடு முழுவதற்கும் விரித்துக் கணித்த எண் அது. பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களில் விளைவு மிகுதி என்ற முடிவைப் புறந்தள்ள இயலாது. ஆனால் முகவர் ஆள்நடமாட்டம் பார்த்துத்தான் கடை போடுவார்; எனவே நுகர்வில் கண்ட மாற்றம் முகவரால் வந்ததா, அந்த இடத்தால் வந்ததா என்ற ஐயம் எழுகிறது. ஆசிரியர்கள் இந்த ஐயத்தைத் தணிக்க முயன்றுள்ளனர். எனக்கு அது முழுதாகத் தீரவில்லை. பேட்மன், டூவென்டாக், லூபியர் மூவரும் 2019இல் எழுதிய மறுப்பு, மூடப்பட்ட சிறுதொழில்களும் கடன்சுமையும் கணக்கில் வரவில்லை என்றது. கடனைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. எனினும் அந்த மறுப்பைக் கொண்டு 2014இன் முடிவையும் தள்ளிவிட முடியாது.

கடன் இதில் புதிதாக நுழைந்ததல்ல. 2005இன் முன்னோட்டமே நுண்கடன் தவணை கட்டுவதற்காக நடந்ததுதான். மக்கள் அதை ஒருவருக்கொருவர் பணம் அனுப்பப் பயன்படுத்தியதால் 2007இல் சேவை அவ்வடிவில் தொடங்கியது. 2012இல் எம்-ஷ்வாரி என்ற கைபேசிக் கடன் சேவை வழியே கடன் திரும்பி வந்தது: 30 நாளுக்கு 7.5 விழுக்காடு கட்டணம், ஆண்டுக்கணக்கில் 90க்கும் மேல். இதையும் சூரியும் ஜாக்கும் பரத்வாஜுடன் சேர்ந்து ஆராய்ந்தனர். கடன் தகுதிக் கோட்டைச் சற்றே தாண்டியவர்கள், இடர் வந்தபோது அவசியச் செலவைக் கைவிடும் வாய்ப்பு 6.3 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. கடனும் ஆபத்துக்கு உதவுகிறது என்பதற்கு இது சான்று. ஆனால் உறவினர் அனுப்பிய பணத்துக்குத் தவணைத் தேதி கிடையாது. நெருக்கடி தீர்ந்த பிறகும் கடன் நிற்கும். இரண்டையும் ‘நிதி உள்ளடக்கம்’ என்ற ஒரே தலைப்பில் கூட்டிச் சொல்வது ஆய்வாகாது.

2014 கட்டுரையின் தரவை ஆய்வாளர்களால் வீடு வீடாகச் சென்று திரட்ட முடிந்தது. கடனைத் துல்லியமாக ஆராயவோ கடன் தகுதி மதிப்பெண் வேண்டும். அதைத் தருவதும் மறுப்பதும் கடன் கொடுக்கும் நிறுவனத்தின் விருப்பம்.