அந்தப் படிவத்தில் இத்தனை கேள்விகள் ஏன்?

பதிவு கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

போன வாரம் லண்டனில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். கடைசி பெஞ்ச். வரலாற்றுப் பரீட்சையில் ஆண்டுகளை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவாள். (பெயர் சொல்ல மாட்டேன். கமெண்டில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.) வாரம் ஒரு பகல் குழந்தைகள் மருத்துவமனையில் தன்னார்வலராகப் போக விண்ணப்பித்திருக்கிறாளாம். "டீச்சர், காசு வாங்காமல் வேலை செய்யப் போகிறேன். அதற்குக் குற்றப் பின்னணிச் சோதனை, இரண்டு பேரின் பரிந்துரைக் கடிதம், தடுப்பூசி விவரம், நேர்காணல், பயிற்சி வகுப்பு! மாசக்கணக்கா இழுக்குறாங்க. என்னைப் பார்த்தா திருடி மாதிரியா இருக்கு?" என்று பொரிந்து தள்ளினாள்.

நான் சிரித்துவிட்டு, "எழுதி அனுப்புகிறேன்டி" என்றேன். அதுதான் இது.

முதலில் ஒரு கணக்கு. 1843இல் லண்டன் மருத்துவமனைகளில் இருந்த 2,363 நோயாளிகளில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் வெறும் 26 பேர். குழந்தைகளைச் சேர்த்தால் தொற்று பரவும், தாயிடமிருந்து பிரிப்பதும் தவறு என்று அன்று பலர் நினைத்தார்கள். சார்லஸ் வெஸ்ட் என்ற மருத்துவர் பிடிவாதமாக நின்று, 1852 பிப்ரவரியில் கிரேட் ஆர்மண்ட் தெருவில் 10 கட்டில்களோடு குழந்தைகளுக்கென்றே ஒரு மருத்துவமனையைத் திறந்தார். அது ஓடியது நன்கொடையில். சார்லஸ் டிக்கன்ஸ் 1858இல் விருந்து ஒன்றில் பேசியும், தன் கதையை மேடையில் படித்தும் அதற்குப் பணம் திரட்டிக் கொடுத்தார். அந்த மருத்துவமனைக்கு அவரையும் ஒரு தன்னார்வலர் என்றுதான் நான் சொல்வேன்.

குழந்தைக்குக் கட்டில் கிடைத்தது. ஆனால் அம்மா வெளியே நின்றாள். நம் ஊரில் வளர்ந்தவர்களுக்கு இதை நம்பவே கஷ்டம். 1949இல் லண்டன் மருத்துவமனைகளின் பார்வை நேரத்தைத் தொகுத்து ஒருவர் பத்திரிகையில் வெளியிட்டார். ஓரிடத்தில் ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம். இன்னோரிடத்தில் புதனும் ஞாயிறும் ஒரு மணி நேரம். செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதல் மாதம் பார்க்கவே அனுமதியில்லை, இரவு 7 முதல் 8 வரை தூங்கும் குழந்தையைப் பெற்றோர் எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம். இது கொடுமைக்காகச் செய்ததல்ல. தொற்றுநோய் பயம் உண்மையானது. கூடவே இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: அம்மா வந்துபோனால் குழந்தை அழுகிறது, வராவிட்டால் இரண்டொரு நாளில் 'பழகிவிடுகிறது'.

அந்தப் பழக்கம் என்னவென்று உட்கார்ந்து பார்த்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். ஸ்காட்லாந்துக்காரர், மருத்துவரல்ல. போர்க்காலத்தில் ஆனா ஃப்ராய்டின் குழந்தைகள் காப்பகத்தில் கொதிகலன் பார்க்கும் வேலையில் இருந்தவர். சிறு வயதில் மருத்துவமனையில் விடப்பட்ட குழந்தை முதலில் அடம்பிடித்து அழும், பிறகு சோர்ந்துபோகும், மூன்றாவதாக அம்மா வந்தாலும் முகம் திருப்பிக்கொள்ளும் என்று அவர் கண்டார். அந்த மூன்றாம் நிலையைத்தான் 'பழகிவிட்டது' என்று எழுதிவைத்திருந்தார்கள்! 1951இல் குடலிறக்க அறுவைக்காக 8 நாள் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியை ஒரு சின்னக் காமிராவால் படம் எடுத்தார். வேண்டுமென்றே அழும் நேரத்தைப் பிடித்தார் என்று சொல்லக்கூடாதே என்று, சுவர்க்கடிகாரம் தெரிய, தினமும் முன்பே குறித்த நேரங்களில் மட்டும் எடுத்தார். அந்தச் சிறுமி அதிகம் அழவும் இல்லை. அழுகையை அடக்கும் அந்த முகம்தான் படம். 1952இல் மருத்துவர்கள் கூடிய அவையில் காட்டியபோது பலருக்குக் கடும் கோபம். தங்கள் தொழிலை அவமதித்துவிட்டார் என்றார்கள்.

ஆனால் அசைவு வந்துவிட்டது. 1959இல் பிளாட் குழு அறிக்கை, பெற்றோருக்குத் தடையில்லாப் பார்வை நேரம் வேண்டும், சின்னக் குழந்தைகளோடு தாயும் தங்கலாம், விளையாட்டும் வேண்டும் என்றது. அறிக்கை அலமாரியில் தூங்குவது எல்லா நாட்டிலும் உண்டு. 1961இல் லண்டன் பேட்டர்சீ பகுதித் தாய்மார்கள் சிலர் சங்கம் அமைத்து, அறிக்கையை அமல்படுத்தச் சொல்லி மருத்துவமனைகளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். 1963இல் சேவ் தி சில்ட்ரன் அமைப்பு வார்டில் விளையாட்டுக் குழு தொடங்கியது. மருத்துவரோ நர்ஸோ அல்லாத வெளியாள் வார்டுக்குள் குழந்தையோடு தரையில் உட்கார முடிந்தது இப்படித்தான்.

இதை எழுதும்போது 1964 நினைவுக்கு வருகிறது. என் தம்பி டைபாய்டில் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் அம்மா கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் பன்னிரண்டு நாள் படுத்திருந்தார். கஞ்சி வைப்பது, துடைப்பது, டிரிப் பாட்டிலைப் பார்ப்பது எல்லாம் அவரே. நாம் உயர்ந்தவர்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. அத்தனை படுக்கைக்கு ஓரிரு நர்ஸ்தான், அம்மா இல்லாவிட்டால் ஆளில்லை. ஆனாலும் தம்பி கண் விழித்தபோதெல்லாம் கை நீட்டினால் அம்மா தலை தட்டுப்பட்டது.

சரி, படிவத்துக்கு வருகிறேன். கதவு திறந்ததும் நல்லவர்கள் மட்டும் வரவில்லை.

ஜிம்மி சாவில், டி.வி. பிரபலம். 1968 முதல் லீட்ஸ் மருத்துவமனையில் தன்னார்வ போர்ட்டர். ஸ்ட்ரெச்சர் தள்ளுவார், கோடிக்கணக்கில் நிதி திரட்டுவார். 1990இல் 'சர்' பட்டமும் கொடுத்தார்கள். எந்த வார்டுக்கும் எந்த நேரமும் போகலாம், கேட்பார் இல்லை. 2011இல் இறந்தார். அடுத்த ஆண்டுதான் உண்மை வெளியே வந்தது. லீட்ஸில் மட்டும் 5 வயதுக் குழந்தை முதல் 75 வயது மூதாட்டி வரை 60 பேர் பாலியல் கொடுமையைச் சொன்னதாக 2014இல் விசாரணை அறிக்கை தெரிவித்தது. சிலர் அப்போதே ஊழியர்களிடம் சொல்லியிருந்தார்கள். சிரிப்பு மூஞ்சி, தரும காரியம், யார் நம்புவார்கள்? தன்னார்வலரை எப்படித் தேர்ந்தெடுப்பது, கண்காணிப்பது என்று 2015இல் தனியாகவே பரிந்துரைகள் வந்தன.

ஆகவே பெண்ணே, அந்தப் படிவம் உன்னைத் திருடி என்று சொல்லவில்லை. நீ யாரென்று அவர்களுக்குத் தெரியாது என்கிறது, அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷம் பள்ளியில் இருந்தவள் சொல்கிறேன், என்னை வேலைக்கு எடுத்தபோது இதில் ஒரு கேள்வியைக்கூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நேற்றிரவு வாட்ஸப்பில் பதில் வந்தது. எல்லாம் நிரப்பி அனுப்பிவிட்டாளாம், பயிற்சிக்குத் தேதியும் வந்துவிட்டதாம். முதலில் என்ன வேலை தருவார்கள் என்று கேட்டேன். "அம்மாமார் குளிக்கவும் சாப்பிடவும் போகிற அரை மணி நேரம் குழந்தை பக்கத்தில் உட்காரணும் டீச்சர். என் பொண்ணோட கலர் பென்சில் டப்பாவை எடுத்துட்டுப் போகலாமான்னு கேட்டிருக்கேன். அதுக்கும் அனுமதி வாங்கணுமாம்" என்று எழுதியிருந்தாள். இந்தத் தடவை திட்டவில்லை.