யூரியா மூட்டைக்குள் இருக்கும் காற்று

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண் உரை)



யூரியா மூட்டை ஒன்றின் எடை 45 கிலோ. அதிலே நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. அதாவது, மூட்டைக்கு 20 கிலோ 700 கிராம். இந்தத் தழைச்சத்து எங்கேயிருந்து வந்தது என்று எப்போதாவது யோசித்துப் பார்த்தீர்களா?

நான் வேலையில் சேர்ந்த புதிதில், ஒரு கிராமக் கூட்டத்தில் பெரியவர் ஒருவர் இதையே கேட்டார். "ஏன் தம்பி, இந்த வெள்ளை உப்பை எந்த மலையில வெட்டி எடுக்கறாங்க?" மலையில் இல்லை ஐயா, தொழிற்சாலையில் காற்றிலிருந்து எடுக்கிறார்கள் என்றேன். கூட்டம் சிரித்தது. பெரியவர் சிரிக்கவில்லை. "காத்து சும்மாத்தானே கிடைக்குது? அப்புறம் எதுக்குக் காசு?" என்றார். அன்றைக்கு நான் பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இன்றைக்குச் சொல்கிறேன்.

நம்மைச் சுற்றியுள்ள காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். தழைச்சத்து என்று நாம் சொல்வது இதைத்தான். ஆனால் பயிர் இதை நேராக உறிஞ்ச முடியாது. காற்றில் நைட்ரஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து, மூன்று பிணைப்புப் போட்டு இறுகக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கட்டை அவிழ்த்தால்தான் பயிருக்கு உணவாகும். இயற்கையில் அதை அவிழ்ப்பவை மின்னலும் சிலவகை நுண்ணுயிர்களும்தான். உளுந்து, கடலைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருக்குமே, அதற்குள்ளே இருப்பவை அந்த நுண்ணுயிர்களே. ஜெர்மனியின் ஹெல்ரீகல் என்ற விஞ்ஞானி 1886-ல் இதைச் சோதனை செய்து காட்டினார். காரணம் தெரியாமலேயே நம் முன்னோர் பயறு விதைத்தார்கள், கொழுஞ்சி மடக்கி உழுதார்கள், ஆட்டுக்கிடை போட்டார்கள்.

ஐரோப்பாவில் ஜனத்தொகை பெருகியபோது இந்த வழிகள் போதவில்லை. பெரு நாட்டுத் தீவுகளில் மலைபோல் குவிந்திருந்த கடற்பறவை எச்சத்தை வெட்டி, கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். அது தீர்ந்துவரும்போது அடகாமா பாலைவனத்து வெடியுப்புக்குப் போனார்கள். அந்த உப்புக்காகவே சிலி நாடு ஒரு பக்கமும், பெருவும் பொலிவியாவும் மறுபக்கமுமாக 1879-ல் போரே மூண்டது. உரத்துக்காக ஒரு போர்! போரில் தோற்ற பொலிவியாவுக்குக் கடற்கரையே இல்லாமல் போயிற்று.

அந்த உப்பும் ஒருநாள் தீரும், அதற்குள் காற்றிலிருந்து உரம் எடுக்கும் வழியை ரசாயன அறிஞர்கள் காணாவிட்டால் கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினி கிடக்க நேரும் என்று 1898-ல் இங்கிலாந்தில் வில்லியம் குரூக்ஸ் என்ற அறிஞர் எச்சரித்தார்.

வழி கண்டவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபிரிட்ஸ் ஹாபர். 1909-ல் நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் கலந்து, சுமார் 500 டிகிரி சூட்டில், நாம் டிராக்டர் டயருக்கு அடிக்கிற காற்றைப்போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் ஒரு குழாய்க்குள் செலுத்தினார். மறுபுறம் அம்மோனியா சொட்டியது. மணிக்குச் சுமார் 80 கிராம்! ஒரு மூட்டை யூரியாவுக்கு இருபத்தைந்தரை கிலோ அம்மோனியா வேண்டும். அந்தக் கருவி இரவு பகல் நிற்காமல் ஓடியிருந்தால் ஒரு மூட்டைக்கு 13 நாள் ஆகியிருக்கும்.

இதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தவர் கார்ல் போஷ் என்ற பொறியாளர். எளிதில் வரவில்லை. ஹைட்ரஜன் வாயு எஃகுக் குழாய்க்குள் ஊடுருவி அதிலுள்ள கரியைத் தின்றுவிட, குழாய்கள் வெடித்தன. உள்ளே மெல்லிரும்புக் குழாய், வெளியே சிறு துளையிட்ட எஃகுக் குழாய் என்று இரண்டடுக்காகச் செய்து அதைச் சமாளித்தார். வினையைத் தூண்டும் பொருளைத் தேடி அவருடைய கூட்டாளி மிட்டாஷ் ஆயிரக்கணக்கான சோதனைகள் செய்தார். கடைசியில் கைகொடுத்தது விலை குறைந்த இரும்புத் தாது! 1913-ல் ஓப்பாவ் என்ற இடத்தில் முதல் தொழிற்சாலை ஓடத் தொடங்கியது.

மறு வருஷமே முதல் உலகப்போர். உரத்துக்குக் கட்டிய தொழிற்சாலை வெடிமருந்துக்கு அம்மோனியா கொடுத்தது. ஹாபரே நேரில் நின்று, 1915-ல் பெல்ஜியத்துப் போர்முனையில் குளோரின் நச்சுவாயுவைத் திறந்துவிடச் செய்தார். சில நாளில் அவர் மனைவி, அவரும் ரசாயனம் படித்தவர், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். 1921-ல் ஓப்பாவ் தொழிற்சாலையில் உரக் குவியல் வெடித்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஒரே ரசாயனம்தான்; கஞ்சிக்கும் அதுவே, குண்டுக்கும் அதுவே. கையாளுகிற கையைப் பொறுத்தது.

அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்து யூரியா செய்யும் முறை 1922-ல் வந்தது. நம் நாட்டில் சிந்திரி உரத் தொழிற்சாலை 1951-ல் உற்பத்தி தொடங்கியது. நம் பக்கத்தில் மணலியில் 1971-லும், தூத்துக்குடியில் 1975-லும் யூரியா ஆலைகள் ஓடத் தொடங்கின. குட்டை ரக நெல்லும் இந்த உரமும் சேர்ந்துதான் நம் களத்தை நிரப்பின. இன்று உலக மக்களில் ஏறத்தாழ பாதிப்பேரின் சாப்பாடு இந்த ரசாயனத்தை நம்பி இருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருவோம். காற்று சும்மாதான். கட்டை அவிழ்க்கும் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும், ஹைட்ரஜன் எடுக்கிற இயற்கை எரிவாயுவுக்கும்தான் காசு. அதிலே பெரும்பகுதியை அரசு மானியமாகக் கட்டுவதால் நமக்கு மூட்டை மலிவாகத் தெரிகிறது. மலிவாகத் தெரிவதால் அள்ளி வீசுகிறோம். ஆனால் நெல் வயலில் போட்டதில் பாதிகூடப் பயிருக்குச் சேருவதில்லை. மண்ணிலுள்ள சில நுண்ணுயிர்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. நைட்ரேட் தண்ணீரோடு கீழே இறங்கிக் கிணற்றில் கலக்கிறது. கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீர் ஆபத்து. மிச்சத்தில் ஒரு பகுதி வாயுவாகி மறுபடியும் காற்றுக்கே போய்விடுகிறது.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு வயல் கருகருவென்று பச்சை கட்டி நின்றது. அந்த விவசாயி இன்னும் அரை மூட்டை போடலாமா என்றார். பயிர் அழகில் மயங்கி நானும் சரி என்றுவிட்டேன். கதிர் வரும் நேரத்தில் புகையான் விழுந்து வட்டம் வட்டமாகக் காய்ந்துபோயிற்று. அவர் என்னைத் திட்டவில்லை. "பச்சையைப் பார்த்து நாமதான் ஏமாந்துட்டோம் சார்" என்றார். அந்தச் சொல் இன்றைக்கும் மனதில் உறுத்துகிறது. தழைச்சத்து மிஞ்சிய பயிர் இளசாக, சாறு நிறைந்து நிற்கும். பூச்சிக்கு அது விருந்து.

ஆராய்ச்சி சும்மா இருக்கவில்லை. வேப்பம் பொருள் கலந்தால் அந்த நுண்ணுயிர்களின் வேகம் குறைகிறது என்று 1970-களிலேயே தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்தார்கள். 2015 முதல் நம் நாட்டு யூரியா முழுவதற்கும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று ஆயிற்று. நம் சோளத்தின் வேரிலேயே இதே வேலையைச் செய்யும் பொருள் சுரக்கிறது. அந்தக் குணமுள்ள ரகங்களைத் தேடுகிறார்கள். எரிவாயு இல்லாமல், சூரிய மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்து அம்மோனியா செய்யவும் முயற்சி நடக்கிறது. இரும்பின்மேல் அந்தக் கட்டு எப்படி அவிழ்கிறது என்பதைப் படிப்படியாக விளக்கியதும் சேர்த்து, கெர்ஹார்ட் எர்ட்டல் என்ற விஞ்ஞானிக்கு 2007-ல்தான் நோபல் பரிசு கிடைத்தது. நூறு வருஷமாகியும் படித்து முடியாத பாடம் இது!

அதுவரை நாம் செய்யக்கூடியவை சில உண்டு. யூரியாவை ஒரே தடவையில் கொட்டாதீர்கள், பிரித்துப் போடுங்கள். இலை வண்ண அட்டையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நடவு செய்த 14-ஆம் நாள் முதல், முழுதாக விரிந்த மேல் இலையை நிழலில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண்ணுக்கும், மற்ற ரகங்களுக்கு 4-ஆம் எண்ணுக்கும் கீழே நிறம் இறங்கினால் மட்டும் மேலுரம் இடுங்கள். தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள். அது கூலி கேட்காமல் காற்றிலிருந்து தழைச்சத்து பிடித்துத் தரும்.

அந்தப் பெரியவர் இன்று இல்லை. இருந்தால், "ஐயா, காத்து சும்மாதான், அதைக் கட்டிப் பிடிக்கத்தான் காசு. பிடிச்சதை மறுபடி காத்துல விடாம இருக்கறதுதான் நம்ம கெட்டிக்காரத்தனம்" என்று சொல்லியிருப்பேன். உங்களிடம் சொல்லிவிட்டேன்.