வேங்கட மலையும் பெட்டோமின் மரநூலும்

முன்னுரை

தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் சுட்டும் வேங்கடத்தின் அடிவாரத்தில் அமைந்துள்ளது சந்திரகிரி. விசயநகர அரசின் பிற்காலத் தலைநகராக விளங்கிய இவ்வூர், வட ஆர்க்காட்டு மாவட்டத்திலிருந்து 1911இல் சித்தூர் மாவட்டத்திற்கும், 2022இல் திருப்பதி மாவட்டத்திற்கும் மாறியது. ஊரை அடுத்துள்ள சேசாசல மலைகளிலும் கடப்பை மலைகளிலும் மட்டுமே இயற்கையாக வளரும் ஈந்துப்பனை வகை ஒன்றின் அறிவியற்பெயர் சைக்கஸ் பெட்டோமி என்பதாகும். இப்பெயருக்குரிய ரிச்சர்டு ஹென்றி பெட்டோமின் (1830-1911) மர ஆய்வினையும், அதனால் தமிழ்ச் சொல்லாய்விற்குக் கிடைக்கும் பயனையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

பெட்டோமின் பணி

இங்கிலாந்தில் பிறந்த பெட்டோம், படை அலுவலராகச் சென்னை மாகாணத்திற்கு வந்தார். 1856இல் புதிதாக அமைந்த வனத்துறையில் கிளெகார்னின் உதவியாளராகச் சேர்ந்து, பின்னர் அத்துறையின் தலைமைப் பொறுப்பினை ஏற்றார். ஆனைமலை, நீலகிரி, வயநாடு, திருநெல்வேலி மலைகள் அவருடைய ஆய்வுக்களங்களாயின. 1869இல் வெளிவரத் தொடங்கிய 'தென்னிந்திய வனமரநூல்' 330 படங்களைக் கொண்டது. இருப்புப்பாதைக் கட்டைகளுக்கும் கப்பல்களுக்கும் மரம் தேவைப்பட்ட காலம் அது. எனவே, எம்மரம் எதற்குப் பயன்படும் என்பதனை அரசு அறிதல் இந்நூலின் முதன்மை நோக்கமாக இருந்தது எனலாம்.

மழைக்காட்டு மரங்கள்

பெட்டோமின் அறிவியற் கொடையில் சிறந்து நிற்பவை மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறா மழைக்காட்டு மரங்களே. செங்குறிஞ்சி, பூதங்கொல்லி முதலியவற்றை அறிவியலுலகிற்கு முதலில் விளக்கியவர் அவரே. இவற்றுள் செங்குறிஞ்சி அகத்தியமலைப் பகுதிக்குரியது. செங்குறிஞ்சி மாமரக் குடும்பத்தைச் சார்ந்தது. இதன் பேரினத்து உறவினங்கள் பெரும்பாலும் மலேயப் பகுதியின் மழைக்காடுகளில் வளர்கின்றன. கேரளத்தின் செந்துருணி வனவிலங்குக் காப்பகம் இம்மரத்தாலேயே பெயர் பெற்றது. அறிவியற்பெயரைப் பொதுமக்கள் அறியாத நிலையிலும், மலைவாழ் மக்கள் வழங்கிய பெயர் நிலப்பெயராக நின்றுவிட்டது.

வேங்கட மலைகளோ மழைக்காடுகள் அல்ல. செம்மரம் வளரும் வறண்ட இலையுதிர் காடுகள். எனினும் இருவகை நிலங்களையும் ஒரே துறையின் அலுவலரே ஆய்ந்தார். அவர் கடப்பை மலையில் சேகரித்த ஈந்துப்பனையைத் தனி இனமெனக் கண்டு, 1883இல் அவர் பெயரை அதற்கு இட்டவர் கியூ தாவரவியற் பூங்காவைச் சார்ந்த திசல்டன் டையர்.

பெயர்களும் பெயரற்றோரும்

பெட்டோம் தம் நூலில் பல மரங்களுக்குத் தமிழ், தெலுங்குப் பெயர்களையும் குறித்துள்ளார். நிகண்டுகளில் இடம்பெறாத மலைவழக்குகள் அச்சேறியமைக்கு இத்தகைய நூல்களே சான்று. ஆயினும், பெயரைச் சொன்னவர் யார், எந்த மலையினர் என்னும் குறிப்பு அங்குப் பெரும்பாலும் இல்லை. பல இடங்களில் மொழியின் பெயர் மட்டுமே உண்டு. சங்கப் பாடல்களின் மரப்பெயர்களுக்குத் தாவரவியல் விளக்கம் தருவோர் இக்குறைபாட்டைக் கருத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒரு வட்டாரத்தின் பெயரைத் தமிழ்நிலம் முழுமைக்கும் உரியதாகக் கொள்வது பிழைபட இடமளிக்கும்.

பெட்டோமுக்கு முற்பட்ட ராபர்ட் வைட், தமக்குப் படம் வரைந்த கோவிந்து என்னும் ஓவியரின் பெயரால் ஆர்க்கிட் பேரினம் ஒன்றிற்குக் கோவிந்தூயா எனப் பெயரிட்டார். பின்னாளில் அப்பேரினம் டிரோபிடியாவுடன் இணைக்கப்பட்டமையால் அப்பெயர் வழக்கொழிந்தது. அலுவலரின் பெயர் நிலைத்தது. ஓவியரின் பெயர் மறைந்தது. இதற்குக் காரணம் வகைப்பாட்டு விதியே எனினும், உடனுழைத்தோரை நினைவுகூரும் வாயில் ஒன்று அடைபட்டது என்பது உண்மை.

முடிவுரை

ஈந்துப்பனை இனங்களின் ஆண்கூம்புச் செதில்கள் நாட்டுமருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்னும் பெயரில் விற்கப்படுகின்றன. கூம்புகளை மிகுதியாகக் கொய்தலும் காட்டுத்தீயும் வேங்கடத்து இனத்தை நலிவித்துள்ளன. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் முதற் பட்டியலில் இடம்பெற்ற இவ்வினம், 2010இல் அறிவிக்கப்பட்ட சேசாசலம் உயிர்க்கோளக் காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றது. மரத்தைக் காப்பது வனத்துறையின் கடமையெனில், மரத்திற்கு மக்கள் இட்ட பெயரை வட்டாரக் குறிப்புடன் காப்பது தமிழாய்வின் கடமை ஆகும். பெட்டோமின் நூலிலுள்ள தமிழ்ப்பெயர்களைத் தொகுத்து, அம்மலைகளில் இன்று வாழ்வோரின் வழக்குடன் ஒப்பிடுதல் அதற்குத் தக்க தொடக்கமாக அமையும்.