பழைய கருவி, புதிய மின்கலம்

மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத்து வீடு ஒன்றில் பரண்மேல் கிடக்கும் பழைய டார்ச் விளக்கை எடுத்துப் பாருங்கள். இரவில் மடை பார்க்கப் போவதற்காக நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கியதாக இருக்கலாம். தகரம் துருவேறியிருக்கும், கண்ணாடி மங்கியிருக்கும். ஆனால் இன்று கடைத்தெருவில் வாங்கிய இரண்டு செல்களைப் போட்டு விசையைத் தள்ளினால், பல்பு கெடாமல் இருந்தால், அது எரியும்.

இனி அதே ஊரில் ஒரு தச்சரின் பெட்டியைத் திறந்து பாருங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய பேட்டரி டிரில் ஒன்று அதில் உறங்கிக்கொண்டிருக்கும். அதன் மோட்டார் பழுதில்லை. பல்சக்கரங்கள் தேயவில்லை. மின்கல அடுக்கு மட்டும் உயிரிழந்துவிட்டது. அந்த வடிவத்தில் வேறு அடுக்கு கடையில் கிடைப்பதில்லை. பழைய விளக்கு பிழைக்கிறது. அதைவிடப் புதிய கருவி சாகிறது. இந்த வேற்றுமை எப்படி வந்தது? இதற்குப் பரிகாரம் உண்டா? இவற்றை அறிய மின்கலங்களின் வரலாற்றைச் சற்றே புரட்ட வேண்டும்.

ஒரே அளவின் வலிமை

இத்தாலிய அறிஞர் வோல்ட்டா 1800-ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். 1866-இல் பிரான்சு நாட்டு லெக்லான்ஷே துத்தநாகத்தையும் கரியையும் கொண்ட மின்கலத்தை அமைத்தார். டார்ச் விளக்கில் நாம் போடும் உலர்மின்கலம் அதன் வழித்தோன்றலே. அந்தத் தடித்த செல்லின் வடிவத்தை 1898-இல் அமெரிக்க நேஷனல் கார்பன் கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. பின்னர் அதே அளவை மற்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். உள்ளே இருக்கும் வேதிப்பொருள்கள் திருந்தின. ஆனால் வெளி அளவும் 1.5 வோல்ட் என்ற மின்னழுத்தமும் மாறவில்லை. பழைய விளக்கு இன்றும் எரிவதன் இரகசியம் இதுதான்.

அளவு ஒத்துவராத இடத்தில் மனிதர் இடையில் ஒரு பொருத்தியை வைத்தனர். மின்கலத்தில் ஓடிய வானொலிப் பெட்டியை வீட்டு மின்சாரத்தில் ஓட்ட 1920-களில் அமெரிக்காவில் 'பேட்டரி எலிமினேட்டர்' வந்தது. மோட்டரோலா என்று பின்னாளில் பெயர்பெற்ற கம்பெனி 1928-இல் சிகாகோவில் தொடங்கியது இந்த எலிமினேட்டர்களைச் செய்துதான். நம் ஊர்களிலும் டிரான்சிஸ்டர் வானொலிக்குச் செல் வாங்கி மாளாதவர்கள் எலிமினேட்டரை நாடியதைப் பெரியவர்கள் நினைவுகூர்வார்கள். பழைய கருவிக்கும் புதிய மின் ஊற்றுக்கும் இடையே ஒரு சிறு பெட்டி என்னும் எண்ணம் அன்றே பிறந்துவிட்டது.

கம்பியை அறுத்துக்கொண்ட கருவி

சுவீடன் நாட்டு யுங்னர் 1899-இல் நிக்கல்–காட்மியம் மின்கலத்தைக் கண்டுபிடித்தார். திரும்பத் திரும்ப மின்னேற்றலாம். முரட்டு உபயோகத்தைத் தாங்கும். ஒரே மூச்சில் மிகுந்த மின்னோட்டத்தைத் தரும். இந்தக் குணங்களை நம்பி 1961-இல் அமெரிக்காவின் பிளாக் அண்டு டெக்கர் கம்பெனி கம்பியில்லாத் துளைக் கருவியை வெளியிட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 1971-இல், அப்போலோ-15 விண்வெளி வீரர்கள் மின்கலத்தில் இயங்கும் துளைக் கருவியால் நிலவின் தரையையே துளைத்தார்கள்.

ஜப்பானின் மக்கிட்டா கம்பெனி 1969-இல் தன் முதல் மின்னேற்றத் துளைக் கருவியையும், 1978-இல் நிக்கல்–காட்மியம் அடுக்குகொண்ட 7.2 வோல்ட் துளைக் கருவியையும் கொணர்ந்தது. அடுக்கைக் கழற்றி மாட்டும் வசதி பரவியது. ஒன்று வேலை செய்கையில் மற்றொன்று மின்னேறும். ஆனால் டார்ச் செல்லுக்கு நேர்ந்த நல்லூழ் இங்கே நேரவில்லை. ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென ஒரு கழுத்து, தனக்கென ஒரு தாழ், தனக்கென ஒரு மின்முனை வரிசை என்று வகுத்துக்கொண்டது. ஒரு கம்பெனியின் அடுக்கை வாங்கியவர் அடுத்த கருவியையும் அங்கேயே வாங்கவேண்டியவரானார்.

லித்தியமும் ஒரு தமிழரும்

1991-இல் சோனி கம்பெனி லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னணியில் உழைத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. அப்போது 97 வயதாகியிருந்த குட்இனஃப் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபெல் உரையை நிகழ்த்தியவர் யார் தெரியுமா? தூத்துக்குடி மாவட்டத்து அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். சல்பேட் போன்ற கூட்டு அயனிகளைக் கொண்ட சேர்மங்கள் நல்ல நேர்மின்வாய் ஆகும் என்பதை 1980-களில் குட்இனஃபுடன் சேர்ந்து காட்டியவர் அவர். அந்தப் பாதையில் 1997-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து வெளிவந்ததே இரும்பு, பாஸ்பேட் இரண்டும் கலந்த லித்தியம் மின்கலம்.

நம் மாநிலத்திலேயே மின்கல ஆராய்ச்சிக்கு ஒரு தலைவாசல் உண்டு. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாக இரயில் பாதையில் போனால் காரைக்குடி வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் இராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அங்கே இருக்கிறது.

2005-ஆம் ஆண்டளவில் பெரிய துளைக் கருவிகளிலும் லித்தியம் புகுந்தது. எடை குறைந்தது, வேலை நேரம் கூடியது. கம்பெனிகள் பழைய நிக்கல்–காட்மியம் அடுக்குகளைப் படிப்படியாக நிறுத்தின. கருவிகள் அனாதையாயின.

பதினைந்தும் ஐந்தும்

இங்கேதான் ஒரு கணக்கு நமக்கு உதவுகிறது. நிக்கல்–காட்மியம் மின்கலம் ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட். பதினைந்தைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். லித்தியம் அயனி மின்கலம் ஒன்றின் அழுத்தம் ஏறத்தாழ 3.6 வோல்ட். ஐந்தே போதும், 18 வோல்ட் வந்துவிடும். முழுதும் மின்னேறிய நிலையில் முன்னது ஒன்றுக்கு 1.4 வோல்ட் வீதம் 21. பின்னது ஒன்றுக்கு 4.2 வீதம் அதே 21! மோட்டாருக்கு வேதியியல் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தமும் மின்னோட்டமும்தான். ஆகவே 18 வோல்ட் பழங்கருவி லித்தியத்தில் தயக்கமின்றி ஓடும்.

ரயோபி கம்பெனி 1996-இல் வகுத்த 18 வோல்ட் அடுக்கின் வடிவத்தை மாற்றாமலே உள்ளே லித்தியத்தை வைத்தது. டிவால்ட் கம்பெனி வடிவத்தை மாற்றியபோதிலும், 2015-இல் தன் பழைய 18 வோல்ட் கருவிகளுக்கு ஒரு பொருத்தியைத் தானே வெளியிட்டது. மேற்புறம் பழைய அடுக்கின் கழுத்து. கீழ்ப்புறம் புதிய அடுக்கு நழுவி அமரும் தண்டவாளம். மற்றக் கருவிகளுக்கு வேறு பலர் செய்யும் பொருத்திகள் சந்தையில் மலிந்திருக்கின்றன.

எல்லா அழுத்தங்களுக்கும் இந்தக் கணக்கு இணங்காது. 14.4 வோல்ட்டுக்கு நான்கு லித்தியம் மின்கலங்கள் சரியாகப் பொருந்தும். ஆனால் பழைய 12 வோல்ட் கருவி? மூன்று வைத்தால் 10.8, வலுக் குறையும். நான்கு வைத்தால் முழு மின்னேற்றத்தில் 16.8; பழைய அடுக்கின் 14-ஐ மிஞ்சி மோட்டாரைச் சூடாக்கும். அழுத்தத்தைக் குறைக்கும் மின்சுற்று ஒன்று இடையில் வேண்டும். பூவரச மரத்தில் அலகு சிக்கி நிற்கும் நொடியில் கருவி பல பத்து ஆம்பியர்களைக் கேட்கும். சில ஆம்பியர்களுக்குச் செய்த மலிவுச் சுற்று அப்போதே கருகும்.

டெல்டா உழவர்கள் இக்கணக்கை வேறு வடிவில் அறிவார்கள். முதுகில் சுமக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பது 12 வோல்ட் ஈய–அமில அடுக்கு: ஒன்று 2 வோல்ட் வீதம் ஆறு அறைகள். அதற்கு ஈடாக 3.2 வோல்ட் கொண்ட லித்தியம் இரும்புப் பாஸ்பேட் மின்கலங்கள் நான்கை வைத்தால் 12.8 வோல்ட். ஈயத்தின் சுமை முதுகை விட்டு இறங்கும்.

எங்கே ஆபத்து?

பொருத்தி வெறும் பிளாஸ்டிக் கழுத்து என்று எண்ணிவிடாதீர்கள். பழைய கருவியைக் கையாள்பவர் அது சோர்ந்து நிற்கும்வரை ஓட்டிப் பழகியவர். நிக்கல்–காட்மியம் அதைப் பொறுக்கும். லித்தியம் பொறுக்காது. ஒரு மின்கலம் ஏறத்தாழ 2.5 வோல்ட் என்ற எல்லைக்கு வெகுவாகக் கீழே இறங்கினால் அதன் எதிர்மின்வாயிலுள்ள செப்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி மின்னேற்றும்போது கரைந்த செம்பு உள்ளே படிந்து, சேரக்கூடாத இரண்டு மின்வாய்களையும் இணைத்துவிடக்கூடும். விளைவு வெப்பம்; சிலவேளை தீ.

இதைத் தடுக்கும் துண்டிப்புச் சுற்று சில கம்பெனிகளின் அடுக்குக்குள்ளேயே இருக்கிறது. வேறு சிலவற்றில் அது புதிய கருவிக்குள் இருக்கிறது. இரண்டாம் வகை அடுக்கைப் பழைய கருவியில் மாட்டினால் காவல்காரனை வாசலிலேயே விட்டுவிட்டு வந்ததாகும். அந்நிலையில் பொருத்திக்குள் துண்டிப்புச் சுற்று இருந்தாக வேண்டும். கூடவே உருகி ஒன்றும் தடித்த கம்பியும் வேண்டும். இன்னொன்று: பொருத்தியோடு சேர்த்து லித்தியம் அடுக்கைப் பழைய மின்னேற்றியில் ஒருபோதும் வைக்காதீர்கள். லித்தியத்திற்கு எந்த வோல்ட்டில் நிறுத்துவது என்பதை அந்த மின்னேற்றி அறியாது.

செத்த அடுக்கை என்ன செய்வது?

கருவி பிழைத்துவிட்டது. கழற்றி எறியும் பழைய அடுக்கைப் பற்றி எண்ணினோமா? நெல் விளையும் நாட்டில் இதுதான் முதற்கேள்வி.

ஜப்பானில் ஜின்சு ஆற்றங்கரை உழவர்களை எலும்பை நொறுக்கும் நோய் ஒன்று வாட்டியது. வலி தாளாமல் அவர்கள் கதறிய சொல்லையே அதற்குப் பெயராக வைத்து 'இதாய்–இதாய்' என்றார்கள். மேலே இருந்த கமியோகா சுரங்கத்திலிருந்து கசிந்த காட்மியம் ஆற்றுநீர் வழியே வயலுக்கும், வயலிலிருந்து அரிசிக்கும் சென்றதே காரணம் என்று 1968-இல் அந்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. கெட்ட வயல் மண்ணைச் சீராக்கும் வேலை 2012 வரை நீண்டது.

நெல்லின் இயல்பும் இதில் சேர்ந்துகொள்கிறது. வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்துடன் கூடிக் கரையாமல் கிடக்கும். அறுவடைக்குமுன் நீரை வடித்து மண் காய்ந்ததும் அது கரைந்து வேரில் ஏறும். தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் காட்மியம் கூடாது என்பது உலக உணவுத் தர விதி. 18 வோல்ட் பழைய அடுக்கு ஒன்றில் ஏறத்தாழ 100 கிராம் காட்மியம் அடங்கியிருக்கும். வகுத்துப் பாருங்கள்: 250 டன் அரிசியை அந்த வரம்புக்குக் கொண்டுபோகும் அளவு! அவ்வளவும் பயிரில் ஏறிவிடாது என்பது உண்மை. ஆனால் மண்ணில் சேர்ந்தது தானாகப் போவதும் இல்லை. காவிரி கொண்டுவந்து சேர்த்த வண்டலில் நம் கையால் அதைச் சேர்க்கலாமா?

ஐரோப்பிய நாடுகள் கம்பியில்லாக் கருவிகளில் காட்மியத்திற்கு அளித்திருந்த விலக்கை 2016-ஆம் ஆண்டு இறுதியோடு முடித்துக்கொண்டன. இந்தியாவில் 2001-ஆம் ஆண்டின் விதிகள் ஈய–அமில அடுக்குகளை மட்டுமே கவனித்தன. 2022-இல் வந்த மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் எல்லா வகை மின்கலங்களையும் உள்ளடக்கி, அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் வைக்கின்றன.

ஆகவே, வாசகர்களே, பழைய கருவிக்கு மறுவாழ்வு கொடுங்கள். வாங்குமுன் மின்கலங்களின் எண்ணிக்கையைக் கணக்கிடுங்கள். துண்டிப்புச் சுற்று எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். கழற்றிய அடுக்கை வாய்க்காலிலோ குப்பை மேட்டிலோ எறியாமல், உடைக்காமல், கொளுத்தாமல், மின்னணுக் கழிவு பெறும் அங்கீகாரமுள்ள இடத்தில் ஒப்படையுங்கள். கருவியைக் காப்பது தச்சரின் சிக்கனம். அடுக்கை முறையாக ஒப்படைப்பது நாம் உண்ணும் சோற்றுக்குக் காவல்.