உதிரத்துக்கு ஈடாக நிலம்

அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் போகும் சாலையில் பாலவனத்தம் வருகிறது. சுற்றிலும் கரிசல், மழை பார்த்து விதைக்கிற பருத்தி, உளுந்து, சோளம். புறநானூற்றின் 299ஆம் பாட்டை இந்த மண்ணில் நின்று படித்தால் அதன் காட்சி கண்ணெதிரே இருக்கிறது. பருத்தி வேலி சூழ்ந்த சிற்றூர்த் தலைவனுடைய குதிரை, உளுந்துச் சக்கை தின்று வளர்ந்த தளர்நடைக் குதிரை, பகைவர் படையைப் பிளந்துகொண்டு போகிறது. நெய்யூட்டி வளர்த்த பெருவேந்தனின் குதிரைகளோ ஒதுங்கி நிற்கின்றன. எப்படி நிற்கின்றன என்பதற்குப் பொன்முடியார் தரும் உவமைதான் வியப்பு: முருகன் கோட்டத்தில் பாத்திரம் தொடக் கூடாத நாட்களில் இருக்கும் பெண்களைப் போல.

போர்க்களத்தைப் பாட வந்தவருக்கு மாதவிலக்கு நினைவுக்கு வந்திருக்கிறது. உடம்பிலிருந்து வெளியேறும் குருதிக்குத் தமிழ்ச் சமூகம் இரண்டு கணக்கு வைத்திருந்தது என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி தேட வேண்டியதில்லை. ஒன்றுக்கு நிலம் அளந்து கொடுத்தார்கள். மற்றதற்குத் தூரம் அளந்து விட்டார்கள்.

முதல் கணக்கு கல்லில் இருக்கிறது. குருதிக்குச் சங்க நூல்களில் நெய்த்தோர் என்றொரு பெயர் உண்டு. இன்றைய பேச்சுவழக்கில் அந்தச் சொல் இல்லை. ஆனால் கன்னடத்தில் நெத்தரு என்றும் தெலுங்கில் நெத்துரு என்றும் அதன் உறவுகள் அன்றாடப் பேச்சில் உயிரோடிருக்கின்றன. தமிழில் அது தங்கிய இடம் நடுகல்லும் கல்வெட்டும். கவர்ந்து போன ஆநிரையை மீட்கப் போய் விழுந்தவனின் குடும்பத்துக்கு ஊராரோ மன்னனோ விட்ட நிலம் நெத்தோர்பட்டி. கன்னட நாட்டில் அதுவே நெத்தரு கொடகெ. சொல் மாற மாற நிலத்தின் பெயரும் மாறியது: உதிரப்பட்டி, பின்னாளில் இரத்தக்காணிக்கை, இரத்த மானியம். பெயர் எதுவானாலும் செய்தி ஒன்றுதான். ஊருக்காகச் சிந்திய ரத்தம் ஊர்மேல் ஏறிய கடன். கடனைத் தீர்க்க விளைநிலம்.

இந்தக் கணக்கு தெய்வத்தின் முன்னும் செல்லுபடியானது. நெல்லூர் மாவட்டத்து மல்லம் ஊரிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பல்லவ மன்னன் கம்பவர்மன் காலத்தது. பட்டை போத்தன் என்பவன் உடலின் ஒன்பது இடங்களில் தசையை அரிந்து, தலையையும் அறுத்துப் படாரி என்னும் பெண் தெய்வத்துக்கு வைத்தான் என்று அது பதிவு செய்கிறது. நவகண்டம் என்பது இதுதான். அவனுக்காகவும் நிலம் விடப்பட்டது. தன் கழுத்தில் தானே வாள் வைத்திருக்கும் சிற்பங்களைப் பார்க்கிறவர்கள் பக்தியின் உச்சம் என்றோ கொடூரம் என்றோ பேசுகிறார்கள். கல்வெட்டு அடக்கமாக நில விவரம் பேசுகிறது. வரலாற்றுக்கு அந்த நில விவரமே கூடுதலாக உதவும் என்பது என் எண்ணம்.

மனிதக் குருதியின் இடத்தில் ஆடும் சேவலும் நின்றன. வேலன் வெறியாட்டில் ஆட்டுக் குருதி கலந்த தினையைத் தூவுவதைச் சங்கப் பாடல்களே சொல்கின்றன. திருச்சி புத்தூரில் குழுமாயி அம்மனின் மருளாளி இன்றும் ‘குட்டி குடிக்கிறார்’, அதாவது ஆட்டுக்குட்டியின் ரத்தத்தைக் குடிக்கிறார். அதுவும் முடியாத இடத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்த ஆரத்தி நீர், குங்குமம் தடவிய பூசணி, எலுமிச்சை. சென்னை மாநிலம் 1950இல் உயிர்ப்பலித் தடைச் சட்டம் இயற்றியது. அரை நூற்றாண்டு அது தூங்கியது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த ஆணை வந்தபோது கிராமக் கோயில்களில் எழுந்த குமுறல், மறு ஆண்டே சட்டத்தை நீக்கவைத்தது.

இரண்டாவது கணக்குக்குக் கல்வெட்டு இல்லை. தொல்காப்பியக் கற்பியல், பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் கணவன் மனைவியைப் பிரிந்திருக்கலாகாது என்கிறது. அங்கே பூப்பு கருவுறுதலுக்கான நாட்கணக்கு. வழக்கில் நிலைத்ததோ தீட்டு. ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற சொல்லில் அளவுகோலே இருக்கிறது. மதுரை மாவட்டம் கூவலபுரத்திலும் பக்கத்துச் சில ஊர்களிலும் அந்த நாட்களில் பெண்கள் தங்க ஊர்ப்பொதுவில் ஒரு கட்டடம் உண்டு, பெயர் முட்டுத்துறை. அவர்களுக்கான பாயும் பாத்திரமும் சாக்குப் பைகளில் வேப்பங்கிளையில் தொங்குவதை அங்கே போன செய்தியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு அடுத்த தலைமுறையைத் தரும் ரத்தத்துக்கு எந்த ஊரும் பட்டி விட்டதாக நான் படித்ததில்லை.

முதலில் சொன்ன பாலவனத்தத்தின் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவியது 1901இல். ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்துகொண்டிருந்த பழந்தமிழ் நூல்களோடு நெய்த்தோரும், வீரன் தன் உயிரையே பலியாகத் தரும் அவிப்பலியும் படித்தவர் நாவுக்குத் திரும்பின. அதே 1901இல் வியன்னாவில் கார்ல் லாண்ட்ஸ்டைனர் ரத்த வகைகளைப் பிரித்துக் காட்டும் கட்டுரையை வெளியிட்டார். ஒருவர் ரத்தம் இன்னொருவர் உடம்பில் ஏன் சில வேளை ஒத்துப்போகிறது, ஏன் சில வேளை கொல்கிறது என்பது அப்போதுதான் விளங்கத் தொடங்கியது. ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரலான சுவரொட்டியை வாங்கித் தின்னச் சொல்லும் கரிசல் வீடுகளுக்குச் சிந்தாத ரத்தத்தையும் கொடுக்கலாம், அதுவும் முகமறியாத வேற்றுச் சாதிக்காரருக்கு, என்பது மெல்ல எட்டியது. விலை கொடுத்து வாங்கும் வழக்கமும் கூடவே வந்தது. உச்ச நீதிமன்றத்தின் 1996 தீர்ப்பை அடுத்து, 1998 ஜனவரி 1 முதல் பணத்துக்கு ரத்தம் கொடுப்பது இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. உதிரப்பட்டிக்கு நேர் எதிரான சட்டம்: கொடுப்பவர் எதையும் பெறக் கூடாது.

2018 டிசம்பரில் இதே விருதுநகர் மாவட்டத்தில், ரத்தசோகைக்காக அரசு மருத்துவமனைக்குப் போன கர்ப்பிணிக்கு எச்ஐவி கிருமியுள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை மறு ஆண்டு 25 லட்சம் ரூபாயும் ஒரு வீடும் அரசு வேலையும் தரச் சொன்னது. ஊருக்குப் பதில் அரசு, பட்டிக்குப் பதில் வீடு. இந்தமுறை பெற்றவள் ஒரு பெண்.

அந்த ரத்தத்தைக் கொடுத்தவர் உறவினர் ஒருவருக்காகக் கொடுத்த இளைஞர். வெளிநாட்டு வேலைக்காகச் செய்துகொண்ட சோதனையில்தான் தம் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று அறிந்தார். யாரும் கேட்கவில்லை, தாமே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அந்த டிசம்பர் முடியுமுன் இறந்துபோனார்.