கைகழுவிய ஆளுநரும் நீதி கேட்ட கைம்பெண்ணும்



ஆட்சியாளர்கள் மக்களின் நெருக்குதலுக்குப் பணிவது நீதியா, அநீதியா? நற்செய்தி நூல்கள் இதற்கு இரண்டு கதைகளைச் சொல்கின்றன. பிலாத்து இயேசுவிடம் குற்றம் எதையும் காணவில்லை. ஆனாலும் கூட்டத்தின் கூச்சலுக்கு அஞ்சி, கையைக் கழுவிக்கொண்டு அவரைச் சிலுவைக்கு ஒப்படைத்தான். லூக்கா சொல்லும் உவமையிலோ, கடவுளுக்கும் அஞ்சாத, மனிதரையும் மதிக்காத ஒரு நடுவன், ஒரு கைம்பெண் ஓயாமல் வந்து கேட்டதால் அவளுக்கு நீதி வழங்குகிறான். இருவருமே பணிந்தவர்கள்தான், இருவருமே மனம் மாறிப் பணியவில்லை. ஆனால் பிலாத்தின் முன் நின்ற கூட்டத்தைத் தூண்டிவிட்டது தலைமைக் குருக்களின் அதிகாரம். கைம்பெண்ணுக்குப் பின்னால் எந்த அதிகாரமும் இல்லை. ஆகவே அரசு பணிந்ததா என்று மட்டும் கேட்டால் போதாது. யாருக்குப் பணிந்தது என்று கேட்க வேண்டும்.

இந்தக் கேள்வியோடு பஞ்சமி நில வரலாற்றைப் படிப்போம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கற்பட்டு மாவட்டம் மிராசுதார்களின் பிடியில் இருந்தது. நம் முன்னோர் தரிசு நிலத்துக்கு மனுப் போட்டால், அந்த நிலத்தின் மீது மிராசுதாருக்கே முன்னுரிமை. குடியிருக்கும் மனையும் அவர் கையில். நிலம் கேட்டவன் வீட்டையும் இழக்க நேரும்.

அங்கே பணியாற்றிய ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி போன்றோர் இதை அரசின் முன் கொண்டுசென்றனர். ஆன்ம மீட்பைப் பேச வந்தவர்கள் நிலத்தையும் மனையையும் பேச வேண்டியதாயிற்று. அதைப் பேச வைத்தது சேரி மக்களின் வாழ்க்கை. அதே 1891-இல் அயோத்திதாசப் பண்டிதர் நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் இயற்றினார். இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். பஞ்சமி நிலத்தை வெள்ளையரின் கொடை என்று எழுதுவோர் இந்தக் குரல்களை விட்டுவிடுகிறார்கள்.

செங்கற்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் 1891-இல் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். அவருடைய பரிந்துரைகள் பலவற்றை அரசு ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30-இல் 1010, 1010அ ஆகிய வருவாய்த்துறை ஆணைகள் வந்தன. அவற்றின் வழியே ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த அளவை 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. முதல் 10 ஆண்டுகள் நிலத்தை விற்கக் கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்டோருக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை.

ஆணை போட்ட அரசு மிராசு முறையைத் தொடவில்லை. கிராமக் கணக்கும் அதை எழுதும் கையும் ஆதிக்கச் சாதியாரிடமே இருந்தன. சென்னையில் கைம்பெண்ணுக்குப் பணிந்த அரசு, தாலுகா கச்சேரியில் மிராசுதாருக்குப் பணிந்தது. நிலங்கள் கைமாறின.

இழந்ததைக் கேட்டபோது என்ன கிடைத்தது என்பதற்குக் காரணை சாட்சி. அங்கே பஞ்சமி நில மீட்புக்காக மக்கள் அம்பேத்கர் சிலையை நட்டார்கள், அது அகற்றப்பட்டது. நீதி கேட்டுச் செங்கற்பட்டில் திரண்டவர்கள் மீது 1994 அக்டோபர் 10-இல் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள்.

திருச்சபையையும் இதே அளவுகோலால் அளக்க வேண்டும். வடக்கன்குளத்தில் ஆலயத்துக்குள்ளேயே சாதிக்கொரு பக்கமாகப் பிரிக்கும் சுவர் எழுந்தது. அது 1910-இல்தான் இடிந்தது. திருச்சி மேலப்புதூரில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர் எழுந்தது. பிலாத்தைப் பற்றி ஒவ்வொரு பெரிய வெள்ளியும் பிரசங்கம் செய்யும் சபை, சாதிக் கூட்டத்தின் முன்னால் தானும் கை கழுவியது. நிலத்துக்காக மனு எழுதிய கையும், சுவருக்கு இடம் விட்ட கையும் கிறிஸ்தவத்தின் கைகளே. இரண்டில் எதைப் பற்றிக்கொள்வது என்பதுதான் நம் கிறிஸ்தவ உறவுகள் முன் உள்ள தேர்வு.

குப்பனூரில் இதைப் பேசக் காரணம் உண்டு. இங்கிருந்து கொட்டச்சேடு வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் சாலை காப்பித் தோட்டங்களுக்குள் போகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். தோட்டத் தொழிலாளிக்கு முதலாளி வீடு தர வேண்டும் என்றது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். அது நன்மைதான். ஆனால் வேலையோடு வரும் வீடு, வேலையோடு போய்விடும். செங்கற்பட்டு மனைக்கட்டில் இருந்த பிடி இதிலும் இருக்கிறது. சொந்த மனை இல்லாதவன் உரக்கப் பேசுவது கடினம்.

கைம்பெண்ணிடம் இருந்த ஒரே ஆயுதம் திரும்பத் திரும்பப் போனதுதான். நம் ஊர்களின் பழைய நிலப் பதிவேடுகளில் 'டி.சி.' என்ற குறிப்பு எந்தச் சர்வே எண்ணுக்கு எதிரே இருக்கிறது என்று தேடுவோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நகல் கேட்போம். மறுத்தால் மேல்முறையீடு செய்வோம். தாசில்தார் நல்லவராக மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உவமையில் வரும் அந்த நடுவனும் கடைசிவரை நல்லவனாக மாறவில்லை.